நம் ஊர்ப் பள்ளி வாரியம் மூன்று வயதுக் குழந்தைகளையும் ஏற்க வேண்டும்: நியூ ஜெர்சியின் பொது மழலையர் கல்வி குறித்து

முல்லைவனம் எழுதியது:

மத்திய நியூ ஜெர்சியில் நான் வசிக்கும் ஊரின் பள்ளி வாரியம், மாநில அரசின் மழலையர் கல்வி விரிவாக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா என்று ஆலோசித்து வருகிறது. வாரியக் கூட்டங்களுக்குச் சென்றால் நம்மவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் படிப்பவர்களில் நம் பிள்ளைகள் கணிசமானவர்கள் என்பதால், இந்த முடிவில் நமக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும் என்று கருதி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரியம் விண்ணப்பிக்க வேண்டும். மழலையர் கல்வி என்பது வசதியுள்ள பெற்றோர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அதையும் பொதுப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளாக நம் வாரியம் ஏற்க வேண்டும்.

இந்த மாநிலத்தில் இது புதிய சோதனை அன்று. ஏழை நகரங்களின் பள்ளிகளுக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை என்று 1981-இல் தொடரப்பட்ட அபாட் வழக்கில், மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் வழங்கிய தீர்ப்பு, அந்த நகரங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் தரமான மழலையர் கல்வி வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2000-இல் வந்த அடுத்த தீர்ப்பு, தரம் என்றால் என்ன என்பதையும் வரையறுத்தது: வகுப்பில் 15 குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது, ஆசிரியர் பட்டமும் மழலையர் கல்விச் சான்றிதழும் பெற்றவராக இருக்க வேண்டும். நியூவர்க், கேம்டன், பேட்டர்சன், பெர்த் அம்பாய், நியூ பிரன்ஸ்விக் போன்ற நகரங்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறையாக இப்படித்தான் பள்ளிக்குள் நுழைகிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஜெர்சி சிட்டியும் உண்டு. நம்மில் எத்தனையோ பேர் இந்நாட்டு வாழ்க்கையை அங்கே ஒரு வாடகை வீட்டில்தான் தொடங்கினோம். அங்கே இருந்தவரை மூன்று வயதிலேயே பிள்ளையைக் கட்டணமின்றி முழுநாள் வகுப்புக்கு அனுப்பிய குடும்பம், வீடு வாங்கிக்கொண்டு நம் பக்கம் வந்ததும் அதே வயதுடைய அடுத்த பிள்ளைக்கு மாதம் 1,500 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறோம். முடியாதவர்களின் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்கள், கிடங்குகளில் இரவு வேலை பார்ப்பவர்கள், விசா காரணமாக ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் குடும்பத்தினர் ஆகியோரின் பிள்ளைகள், பென்சிலை முதன்முதலாகக் கிண்டர்கார்டனில்தான் பிடிக்கிறார்கள். அதே வகுப்பில் இரண்டு ஆண்டு தனியார் மழலையர் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

2008-ஆம் ஆண்டின் பள்ளி நிதிச் சட்டம் இந்தக் கல்வியை மாநிலமெங்கும் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு விரிவாக்குவதாகச் சொல்லியிருந்தது. பொருளாதார வீழ்ச்சியால் பல ஆண்டுகள் அது ஏட்டோடு நின்றது. இப்போது விரிவாக்க உதவித்தொகை மூலம் மாநிலத்தின் 200-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களில் (ஒரு வாரியத்தின் கீழ் இயங்கும் ஊர்ப் பள்ளி அமைப்புகளில்) பொது மழலையர் கல்வி நடக்கிறது. நம் ஊரில் நடக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் நீதிமன்றமோ சட்டமோ அன்று. இங்கே முடிவெடுக்க வேண்டியது நம் வாரியம்.

ராரிட்டன்கரை எழுதியது:

முல்லைவனம் அவர்களுக்கு வணக்கம். அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். எனினும் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் கணக்குத் துறையைச் சேர்ந்தவன்; ஊரின் பள்ளி வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் படிப்பவன்.

முதலாவது, சொத்து வரி. இந்த மாநிலத்தின் சொத்து வரிச் சுமை நாட்டிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. 2010-இல் வந்த சட்டத்தின்படி பள்ளி மாவட்டம், சில விலக்குகள் தவிர, தன் வரி வசூலை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது. ஆசிரியர் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் அதைவிட வேகமாக ஏறுகின்றன. இருக்கும் பன்னிரண்டு வகுப்புகளுக்கே இசைக்கும் நூலகத்துக்கும் கத்திரி போடும் வாரியம், புதிதாக இரண்டு ஆண்டுகளைச் சுமப்பது எப்படி?

இரண்டாவது, இடம். நம் தொடக்கப் பள்ளிகளில் சில, முற்றத்தில் தற்காலிக அறைகளை நிறுத்தி வகுப்பு நடத்துகின்றன. அரசு கொடுப்பது வகுப்பு நடத்துவதற்கான பணம். கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் வாக்காளர்களிடம் போக வேண்டும்.

மூன்றாவது, நீங்களே குறிப்பிட்ட 2008. சட்டத்தில் எழுதிக்கொடுத்ததையே அரசு பல ஆண்டுகள் தரவில்லை. ஆசிரியர்களை நியமித்து, பெற்றோரைப் பழக்கப்படுத்திய பிறகு உதவித்தொகை நின்றுபோனால் அந்தப் பொறுப்பு யார் தலையில் விழும்?

பலன் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பலன் இருக்கும் எல்லாவற்றையும் பள்ளி வாரியமே செய்ய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

மழலைவகுப்பு எழுதியது:

நான் அபாட் நகரங்களுள் ஒன்றில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ராரிட்டன்கரை ஐயாவின் கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

மூன்று வயதுக் குழந்தைகளுக்கான பொறுப்பு ஏற்கனவே பள்ளி வாரியத்திடம்தான் இருக்கிறது. 1986-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தைக்கு மூன்றாம் பிறந்த நாளிலிருந்து சிறப்புக் கல்வி வழங்குவது உள்ளூர்ப் பள்ளி அமைப்பின் கடமை. பேச்சு வரத் தாமதமாகும் குழந்தையையும் ஆட்டிசம் உள்ள குழந்தையையும் மாவட்டம் இன்றைக்கும் ஏற்கத்தான் செய்கிறது. ஆனால் பொது மழலையர் வகுப்பு இல்லாத ஊரில் அந்தக் குழந்தைகள் யாருடன் சேர்ந்து படிப்பார்கள்? தங்களைப் போன்றே சிரமப்படும் குழந்தைகளுடன் தனி அறையில் உட்காருகிறார்கள். பேசக் கற்க வேண்டிய குழந்தைக்குப் பேசும் குழந்தை பக்கத்தில் இருப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. சட்டமும் இயன்றவரை சேர்ந்தே கற்பிக்கச் சொல்கிறது. சேர்ப்பதற்கு வகுப்பு வேண்டுமே.

எங்கள் வகுப்பில் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். ஏனெனில் பலர் இதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்றும், சிலர் எழுத்தையும் எண்ணையும் சீக்கிரமே புகட்டும் இடம் என்றும் நினைக்கிறார்கள். காலையில் ஒவ்வொரு குழந்தையும் தான் அன்று எங்கே விளையாடப் போகிறது, என்ன செய்யப் போகிறது என்பதை எங்களிடம் சொல்ல வேண்டும். கட்டைகளை அடுக்கும் மூலை, தண்ணீர்த் தொட்டி, வண்ணம் தீட்டும் பலகை, வீட்டு விளையாட்டு எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கின்றன. நேரம் முடிந்ததும், நினைத்ததைச் செய்தாயா, வேறு என்ன ஆயிற்று என்று கேட்போம். "பாலம் கட்டினேன், விழுந்துவிட்டது, பெரிய கட்டையை அடியில் வைத்தேன்" என்று மூன்றரை வயதுக் குழந்தை கோவையாகச் சொல்வதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். மதிய உணவு ஒரே மேசையில். கிண்ணத்தைத் தாங்களே கைமாற்றிப் பரிமாறிக்கொள்கிறார்கள். நாங்களும் உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். காத்திருப்பதும், கேட்டு வாங்குவதும், போதும் என்று சொல்வதும் அந்த மேசையில்தான் பழகுகின்றன.

பதினைந்து குழந்தைகள், ஒரு ஆசிரியர், ஓர் உதவியாளர் என்பதால்தான் இது நடக்கிறது. எங்களைப் பார்வையிட்டு வழிகாட்டும் மூத்த ஆசிரியர் ஒருவர் அடிக்கடி வருகிறார். பட்டமும் சான்றிதழும் உள்ளவர்கள் நிலைத்து வேலை செய்யும் அளவுக்கு ஊதியம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த தனியார் மையம் ஒன்றில் ஒரே கல்வியாண்டில் ஒரு வகுப்புக்கு நான்கு ஆசிரியர்கள் மாறினார்கள். புது முகத்தைக் கண்டு வாசலில் அழும் குழந்தைக்கு நாம் எதைக் கற்பிக்க முடியும்?

கம்பர்லாந்து எழுதியது:

டென்னசியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாநிலத்தில் நடந்ததையும் இந்த இழையில் பதிவு செய்வது நேர்மை என்று எண்ணுகிறேன்.

டென்னசியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மழலையர் வகுப்புகளைப் பள்ளி மாவட்டங்களே நடத்துகின்றன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைக் கொண்டு, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். தேர்வு குலுக்கல் முறையில் நடந்ததால் பெற்றோரின் ஆர்வம் போன்றவை முடிவைக் குழப்ப வாய்ப்பில்லை. முதலில் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு மங்கியது. 2022-இல் வெளியான முடிவின்படி, ஆறாம் வகுப்பில் மழலையர் கல்வி பெற்ற பிள்ளைகள் தேர்வு மதிப்பெண்ணில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களும் அவர்களில்தான் அதிகம்.

பள்ளி வாரியம் கையில் எடுத்துவிட்டாலே நன்மை விளையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரிலும் அதை நடத்தியது பள்ளி மாவட்டம்தான்.

முல்லைவனம் எழுதியது:

கம்பர்லாந்து அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த ஆய்வை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. அந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்த டேல் ஃபாரன், வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தவர். குழந்தைகள் ஒட்டுமொத்தமாக உட்கார்ந்து ஆசிரியர் சொல்வதைக் கேட்பதிலும், ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு வரிசையில் நகர்வதிலும் நாளின் பெரும்பகுதி கழிவதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். அதாவது, மூன்றாம் வகுப்பு நடக்கும் விதத்தில் நான்கு வயதுக் குழந்தையை நடத்தினார்கள். மழலைவகுப்பு அம்மா மேலே விவரித்த நாளையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாஸ்டனிலும் குலுக்கல் முறையில்தான் இடம் கொடுத்தார்கள். 1997 முதல் 2003 வரை விண்ணப்பித்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவில், அங்கும் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் இடம் கிடைத்தவர்கள் உயர்நிலைப் பள்ளி முடித்த உடனே கல்லூரியில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருந்தது. பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுவது குறைந்திருந்தது. நான்காம் வகுப்புத் தேர்வை மட்டும் அளந்துவிட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டியிருந்தால் இதையெல்லாம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாரிய உறுப்பினர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் கதை மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரத்தினுடையது. பெரி மழலையர் பள்ளி என்று பொருளாதார நூல்களிலெல்லாம் வரும் அந்த முயற்சியைத் தொடங்கிய டேவிட் வைகார்ட், பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அந்நகரப் பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்விப் பிரிவை நடத்திய அலுவலர். தன் ஊரில் கறுப்பினப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் தோல்வியடைந்து ஒரே வகுப்பில் தேங்குவதைக் கண்டு, பள்ளிக்கு வருமுன்பே தொடங்க வேண்டும் என்று 1962-இல் இறங்கினார். மொத்தம் 123 குழந்தைகள். அவர்களில் 58 பேருக்கு வகுப்பு. காலையில் இரண்டரை மணி நேரம் பள்ளி. வாரம் ஒரு முறை ஆசிரியர் வீட்டுக்கே போய்த் தாயுடன் உட்கார்ந்து பேசுவார். நாற்பது வயதில் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, வகுப்புக்கு வந்தவர்களில் 77 விழுக்காட்டினரும், வராதவர்களில் 60 விழுக்காட்டினரும் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை கைதானவர்கள் முதல் பிரிவில் 36 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 55 விழுக்காடு. அந்த வகுப்பறையில் உருவான ஹைஸ்கோப் பாடத்திட்டம் இன்று நியூ ஜெர்சியின் மழலையர் வகுப்புகளில் அனுமதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற அதன் முறையைத்தான் மழலைவகுப்பு அம்மா மேலே வருணித்தார் என்று நினைக்கிறேன்.

இப்போது ராரிட்டன்கரை அவர்களின் கணக்குக்கு வருகிறேன். பள்ளி மாவட்டத்தின் செலவில் வேகமாக ஏறுபவற்றுள் ஒன்று சிறப்புக் கல்விச் செலவு. சிகாகோ பொதுப் பள்ளிகள் 1967 முதல் நடத்திவரும் குழந்தை-பெற்றோர் மையங்களில் படித்தவர்களைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். சிறப்புக் கல்விக்கு அனுப்பப்பட்டவர்கள் மையத்தில் படித்தோரில் 14.4 விழுக்காடு, படிக்காதோரில் 24.6 விழுக்காடு. ஒரே வகுப்பில் மீண்டும் உட்கார வைக்கப்பட்டவர்கள் 23 விழுக்காடு. மற்ற பிரிவில் 38.4 விழுக்காடு. ஒரு பிள்ளை ஒரு வகுப்பை இரண்டு முறை படித்தால் அந்த இரண்டாம் முறைக்கான செலவும் நம் வரியிலிருந்துதான் போகிறது. நியூ ஜெர்சியிலேயே அபாட் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும், நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை அவர்கள் மொழியிலும் கணிதத்திலும் முன்னிலையில் இருந்ததையும், இரண்டு ஆண்டு படித்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததையும் காட்டியிருக்கிறது.

ஆகவே "பள்ளி வாரியமே ஏன்" என்பதற்கு என் பதில் இது: இந்தப் பிள்ளைகள் ஐந்து வயதில் எப்படியும் வாரியத்திடம்தான் வந்து சேரப் போகிறார்கள். தாமதமாகச் சந்திப்பதால் ஏற்படும் செலவையும் வாரியம்தான் கட்டப் போகிறது. மழலையர் வகுப்பையும் மூன்றாம் வகுப்பு வரையிலான பாடத்தையும் ஒரே கை இணைக்கும்போதுதான், பெற்ற முன்னேற்றம் நடுவில் மங்காமல் காக்கப்படும்.

சிறுகூடு எழுதியது:

நான் இதே பகுதியில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள், நான்கு வயதினரும் இருக்கிறார்கள். இந்தத் தொழிலின் கணக்கு வெளியாருக்குத் தெரியாது. ஒரு வயதுக் குழந்தைகள் நால்வருக்கு ஓர் ஆள் வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகள் என்றால் ஓர் ஆள் பல பேரைப் பார்க்க முடியும். கைக்குழந்தை அறையில் வரும் நட்டத்தைப் பெரிய பிள்ளைகளின் கட்டணத்தில்தான் ஈடுகட்டுகிறோம். பள்ளி வாரியம் நான்கு வயதினர் அனைவரையும் கட்டணமின்றி எடுத்துக்கொண்டால், என் கைக்குழந்தை அறைக்குப் பூட்டுப் போட வேண்டிவரும். அப்போது எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தாய் எங்கே போவார்?

நான் எதிர்ப்புக்காக எழுதவில்லை. எங்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன்.

வாரியமேசை எழுதியது:

வேறொரு சிறிய மாவட்டத்தில் வாரிய உறுப்பினராக இருந்தவன் நான். (நியூ ஜெர்சியில் இப்பதவிக்கு ஊதியம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது; பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து உட்காருபவர்கள்தான் அவர்கள். அவர்களிடம் பேசும்போது இதை நினைவில் வைத்தால் உதவியாக இருக்கும்.) இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, பெற்று, முதல் வகுப்புகளைத் திறந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

சிறுகூடு அம்மாவின் கவலை நியாயமானது. அதற்கு இந்த மாநிலத்தின் ஏற்பாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. பள்ளி மாவட்டம் எல்லா வகுப்புகளையும் தன் கட்டடத்தில் நடத்த வேண்டியதில்லை. தகுதியும் விருப்பமும் உள்ள தனியார் மையங்களுடனும், ஏழைக் குழந்தைகளுக்கான கூட்டாட்சி அரசின் ஹெட் ஸ்டார்ட் மையங்களுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சொல்லப்போனால் முதலில் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அபாட் நகரங்களில் தொடக்கம் முதலே மிகப் பல குழந்தைகள் படித்தது இத்தகைய மையங்களில்தான். அங்கிருந்த ஆசிரியர்களுக்குப் பட்டம் பெற 2004 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்து, படிப்புக்கு உதவி செய்து, பின்னர் பள்ளி ஆசிரியருக்கு இணையான ஊதியத்துக்கும் வழி செய்தார்கள். கைக்குழந்தை அறையைக் காப்பாற்றவும் இதுவே வழி: நான்கு வயது வகுப்பு உங்கள் கட்டடத்திலேயே தொடரும், பெற்றோர் கட்டணத்துக்குப் பதிலாக மாவட்டத்திலிருந்து பணம் வரும். ஒப்பந்தத் தொகையை வாரியம் கஞ்சத்தனமாக நிர்ணயித்தால் இது பலிக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராரிட்டன்கரை எழுப்பிய இடப் பிரச்சினைக்கும் பெரிய அளவில் இதுவே பதில். எங்கள் மாவட்டத்தில் புதிய கட்டடம் எதையும் கட்டவில்லை.

சொத்து வரி பற்றி ஒரு விளக்கம். இந்தப் பணம் குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. மழலையர் கல்விக்கு மட்டுமே செலவிடலாம். கால்பந்துத் திடலுக்கோ பேருந்துக் கடனுக்கோ திருப்ப முடியாது. ஆகவே உயர்நிலைப் பள்ளியின் பங்கைப் பிடுங்கி மழலைகளுக்குக் கொடுக்கிறோம் என்ற பேச்சு எழுந்தால், அது கணக்கைப் பார்க்காத பேச்சு. அரசு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் உண்மையானது. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: அபாட் நகரங்களின் மழலையர் வகுப்பு, 2008-09 வீழ்ச்சியையும் ஆளுநர்கள் மாறியதையும் தாண்டி நின்றது. அதற்கு நீதிமன்ற ஆணை ஒரு காரணம் என்றால், அந்நகரங்களின் பெற்றோரும் வாரியங்களும் அதைத் தங்கள் பள்ளியின் பகுதியாகவே கருதிக் காத்தது மற்றொரு காரணம். 200 மாவட்டங்களின் பெற்றோர் கேட்கும் ஒன்றை நிறுத்துவது எந்த அரசுக்கும் எளிதன்று. அதில் நம் மாவட்டமும் சேர்ந்தால் அது இன்னும் கடினமாகும்.

திருவையாறு எழுதியது:

மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். இங்கே பல வீடுகளில் எங்களைப் போன்ற தாத்தா பாட்டிமார்தான் மழலையர் பள்ளி. நாங்கள் ஊர் திரும்பினால் சம்பந்தி வீட்டார் வருவார்கள். அவர்கள் திரும்பினால் குழந்தை தடுமாறும். அன்புக்குக் குறைவில்லை. ஒத்த வயதுக் குழந்தைகள் பதினான்கு பேரை எங்களால் கொண்டுவர முடியாது.

தமிழ்நாட்டு அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2019 தொடக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியாருக்குப் போய்விடும் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே அரசுப் பள்ளிக்கு அழைத்துவரும் நல்ல முயற்சி அது. ஆனால் இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்களுக்கு அந்த வயதுக்கான பயிற்சி இல்லை. 2022-இல் அவர்களைத் திரும்ப அழைத்தபோது வகுப்புகளே நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது. பெற்றோரின் எதிர்ப்புக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். அந்தத் தொகைக்கு எத்தனை நல்ல ஆசிரியர் எத்தனை நாள் இருப்பார்? ஆகவே உங்கள் வாரியத்திடம் வகுப்பைத் திறக்கச் சொல்லும்போதே ஆசிரியருக்கு என்ன ஊதியம் என்றும் கேளுங்கள்.

எனக்கு ஓர் ஐயமும் உண்டு. மூன்று வயதில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினால் பேத்தி தமிழை விட்டுவிடுவாளா?

மழலைவகுப்பு எழுதியது:

ஐயா, உங்கள் ஐயம் எங்களிடம் ஸ்பானிஷ் பேசும் பாட்டிமார் கேட்கும் அதே ஐயம். பொது மழலையர் வகுப்பில் சேரும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். வீட்டு மொழியை விடச் சொல்வது எங்கள் முறை அன்று. அதைத் தொடர்ந்து பேசச் சொல்லித்தான் பெற்றோரை வேண்டுகிறோம். தன் மொழியில் கதை சொல்லத் தெரிந்த குழந்தை இரண்டாம் மொழியிலும் விரைவில் சொல்லும். என் வகுப்புக்கு வந்த ஒரு தமிழ்க் குழந்தை முதல் சில வாரங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நான் "ஊத்து, இன்னும் ஊத்து" என்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த குழந்தையின் கோப்பையிலும் ஊற்றினாள். எல்லா வகுப்பிலும் தமிழ் தெரிந்த ஆசிரியர் இருக்க மாட்டார். குழந்தையின் வீட்டுச் சொற்களில் சிலவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் பொறுமையும் நேரமும், பதினைந்து பேர் உள்ள வகுப்பின் ஆசிரியருக்குக் கிடைக்கும். முப்பது பேரை மேய்ப்பவருக்குக் கிடைக்காது.

ராரிட்டன்கரை எழுதியது:

வாரியமேசை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. வரி குறித்த என் ஐயம் பெரும்பாலும் நீங்கியது. உதவித்தொகை நின்றுபோகும் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பதை மட்டும் விண்ணப்பத்துடனேயே வாரியம் எழுத்தில் வைக்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன். அந்த நிபந்தனையுடன் நான் ஆதரித்துப் பேசத் தயார்.

முல்லைவனம் எழுதியது:

அந்த நிபந்தனையை நானும் ஏற்கிறேன். பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், நாம் பிரித்துக்கொண்டு பேசுவது நல்லது. நிதி குறித்து ராரிட்டன்கரை அவர்கள் பேசட்டும். தனியார் மையங்களுடன் ஒப்பந்தம் என்பதைச் சிறுகூடு அவர்களே எழுந்து கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம். வகுப்பில் 15 பேர், சான்றிதழ் பெற்ற ஆசிரியர், பள்ளி ஆசிரியருக்கு இணையான ஊதியம் என்ற மூன்றிலும் தளர்வு கூடாது என்பதை நான் பேசுகிறேன். டென்னசியையும் மறைக்காமல் குறிப்பிடுவேன். திருவையாறு ஐயா ஊர் திரும்புவதற்குள் கூட்டம் வந்துவிட்டால், அவரும் வந்து தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்த்துச் சொல்ல நான் பக்கத்தில் நிற்கிறேன். பேச விரும்பும் மற்றவர்கள் எந்தப் பொருளில் பேசுவீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். வாரியத்தின் நிகழ்ச்சி நிரல் வெளியானதும் இதே இழையில் பதிவிடுகிறேன்.